மூன்று பால்கனி டிக்கெட்

சின்னாத்தாள் சட்டையை உதறியதும் பையிலிருந்து மூன்று டிக்கெட்டுகள் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் கழற்றி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்ட சட்டை. சலவைக்குப் போடும் முன் பையைப் பார்த்துவிடலாம், பீடிக்கட்டு ஏதாவது கிடந்து அண்ணன் போன பிறகும் பேர் கெட வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில்தான் அவள் உதறினாள். ரோஸ் நிறக் காகிதம் மூன்றும் பறந்துபோய், கூடத்தில் கிடத்தியிருந்த சென்னியப்பனின் தலைமாட்டில், ஊதுபத்தி குத்திவைத்த அரிசிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

துளசிமணி டீத்தட்டோடு சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டில் பதினாறு டம்ளர். ஒன்றுகூடச் சிந்தவில்லை. கை நடுங்கினால்தானே சிந்தும். அவளுக்குக் கை இருப்பதே தெரியவில்லை.

"இதென்ன சாமி, பஸ் டிக்கட்டா?" சின்னாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. பொறுக்கி எடுத்துக் காளிச்சாமியிடம் நீட்டினாள். சென்னியப்பனின் ஒரே மகன் அவன், துளசிமணியின் புருஷன், பல்லடத்தில் எட்டுத் தறி ஓட்டுகிறவன். இரவெல்லாம் ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் அலைந்து கண் சிவந்து கிடந்தது. டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பால்கனி" என்றான். சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் எழவு வீட்டில் ஒரு வார்த்தை போதும்.

"சினிமாக் கொட்டாயா? ஆரெஸ்புரத்து டாக்டரப் பாக்கப் போறேன்னுதான அண்ணன் போச்சு?"

"நேத்துத் தேதி. மேட்னி."

"மூணா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த சொந்தக்காரப் பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள். "ஒண்ணுன்னா செரி. ரெண்டுன்னாலும் கூட்டாளின்னு வெச்சுக்கலாம்."

"கூட்டாளியப் பால்கனிக்கா கூட்டிட்டுப் போவாங்க? போம்மிணி."

"அப்ப மூணாவது?"

"தொணைக்கு அவ தங்கச்சியக் கூட்டிட்டு வந்திருப்பா."

இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பார்ப்பதற்கு அழுவதுபோலவே இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாசாணியம்மாள் அழுகையை நிறுத்தினாள். முப்பத்திரண்டு வருசம் சென்னியப்பனோடு குடும்பம் நடத்தியவள். மகன் கையிலிருந்த டிக்கெட்டுகளைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். முட்டியில் கை ஊன்றி எழுந்தாள். யாரோ தாங்க வந்தார்கள், தள்ளிவிட்டாள். நேராக உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மூன்று டிக்கெட்டில் ஒன்று துளசிமணியுடையது.

இந்த வீட்டுக்கு அவள் வந்து நாலு வருசம். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரி மகளாகப் பிறந்து, கல்யாணத்துக்கு முன்னால் வாரம் ஒரு படம் பார்த்தவள். சூலூருக்கு வந்த முதல் மாதமே காளிச்சாமி முடிவாகச் சொல்லிவிட்டான். "குடும்பத்துப் பொம்பளைக்குச் சினிமாக் கொட்டாய்ல என்ன சோலி? அதுக்குத்தான் ஊட்டுலயே டிவி வாங்கிப் போட்டிருக்குதல்ல?" டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படமும் இருந்தது. மாமனார் நாற்காலியில் உட்காருவார். மாமியார் தரையில் பூண்டு உரிப்பாள். மாமனார் எதிரில் மருமகள் உட்காரக் கூடாது என்பதால் துளசிமணி சமையலறை வாசற்படியில் நின்றபடியே மூன்று மணி நேரப் படத்தையும் பார்ப்பாள். சாவுக்காட்சி வரும்போது அழுகையைவிடக் கால்வலிதான் அதிகம் இருக்கும்.

சென்னியப்பன் சும்மா பார்க்க மாட்டார். மில்லில் முப்பது வருசம் ஃபிட்டராக இருந்தவர். திரையில் பஞ்சாலை வந்தால் போச்சு. "எந்த மில்லுல சாமி ஸ்பின்னிங்ல வெள்ளை வேட்டி கட்டிட்டு நிக்கறான்? ரெண்டே நிமிசத்துல பஞ்சு அப்பிக் கரடி மாதிரி ஆயிருவான்." கதாநாயகன் அடித்து வில்லன் ஆள் பானைகள் மேல் விழுந்தால், "பூராம் காலிப்பானை. தண்ணி தெறிச்சுதா பாரு" என்பார். மாமியார் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பூண்டுத் தோல்தான் பறக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ ஒரு பழைய படம். "அந்தப் பெரியம்மாதான் குடும்பத்தக் கெடுக்கறவ. முட்டாப்பசங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியல பாரு" என்றார் சென்னியப்பன்.

"அவிய கெட்டவிய இல்லீங் மாமா. அந்த ஊட்டுல ஆருமே அவியளோட பேசறதில்லீங். அதனாலதான் நின்னு ஒட்டுக் கேக்கறாங்க."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று துளசிமணிக்குத் தெரிந்தது. மாமனார் திரும்பினார். திட்டப்போகிறார் என்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்படீங்கற?" என்றார். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "செரி, மேல சொல்லு."

இந்த வீட்டில் உப்புப் பார், காரம் பார் என்பதற்கு மேல் யாரும் அவளைச் சொல்லச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் காலைக் காப்பி கொடுக்கப் போகும் மூன்று நிமிடத்தில் இருவரும் சண்டை போட்டார்கள். தங்கச்சிப் பாத்திரம் எதற்குச் சாக வேண்டும், அந்த நடிகன் அழும்போது மூக்கு ஏன் சிவப்பதில்லை, செவ்வாய்க்கிழமை நாடகத்தில் வக்கீல் ஏன் வீட்டிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். சிங்காநல்லூரில் ரம்லா அக்கா வீட்டில் தையல் கிளாஸுக்குப் போகிறேன் என்று அவள் கேட்டபோது, புள்ளை பொறக்கற வரைக்கும் பொழுது போகட்டும் என்று காளிச்சாமி விட்டான். திங்கள், புதன், வெள்ளி. போன வருசம் ஒரு புதன்கிழமை பஸ் ஸ்டாப்பில் மாமனாரும் நின்றிருந்தார். டாக்டரைப் பார்க்கப் போகிற சட்டை.

"ரெண்டரைக்கு ஒரு படம் இருக்குது கண்ணு" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "நான் பாத்துட்டு வந்து சொல்லி, நீ பாக்காமச் சண்டை போடறதுக்கு, நீயும் பாத்துட்டின்னா சண்டைக்கு வசதியா இருக்குமல்ல?"

அன்றைக்கு அவர் மூன்று டிக்கெட் எடுத்தார். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு. நடுவில் ஒன்று, யாருக்கும் இல்லை. மாமனாரோடு மருமகள் தோளோடு தோள் உட்காருவது முறையில்லை. இருட்டாக இருந்தாலும் முறை முறைதான். அந்த நடுச் சேரில் துண்டை மடித்துவைப்பார். துண்டுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். பேச்செல்லாம் துண்டுக்கு மேலேதான் போகும், வரும். நின்றபடி பார்க்காத முதல் படம்.

நேற்றுப் பார்த்தது பதினோராவது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், "இந்தக் கதை எங்க போகுதுன்னு அவனுக்கே" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. துண்டின் மேல் சாய்ந்தார். துளசிமணி முதன்முதலாக அவர் கையைத் தொட்டாள். ஈரமாகச் சில்லென்று இருந்தது. அவள் இருட்டில் தடவித் தடவிப் படியேறி ஓடி, வாசலில் இருந்தவரைக் கூட்டிவந்தாள். சென்னியப்பனுக்கு நினைவு இருந்தது. "நீ போயிரு கண்ணு" என்றார். "காளிக்குத் தெரிஞ்சா உன்னய உட மாட்டான். போ." அவள் நின்றாள். "போன்னு சொல்றனல்ல?"

போனாள்.

பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு கல் பொறுக்கினாள். ஒரு மணி நேரம். ஒரு கல்கூட இல்லாத அரிசி. பக்கத்து வீட்டுக்குப் போன் வந்து ஆள் ஓடி வந்தபோது, எதுவும் தெரியாதவள் எப்படித் திடுக்கிடுவாளோ அப்படித் திடுக்கிட வேண்டியிருந்தது. அதையும் செய்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து வந்து கட்டியழுகிறவர்கள் எல்லாரும் ஒன்றுதான் சொன்னார்கள். "மகளாட்ட அழுகுது பாரு மருமக. குடுத்து வெச்ச மனுசன்."

தனியாக அழ ஓர் இடம் இல்லை. கூடத்தில் ஆட்கள், சமையலறையில் ஆட்கள், கொல்லைப்புறப் பொடக்காலியில் அடுப்புப் பக்கம் ஆட்கள், குளியலறை வாசலில் வரிசை. எங்கே திரும்பினாலும் யாராவது அவளைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்கள்.

பத்து மணி வாக்கில் ராமுலு வந்தார். சென்னியப்பனோடு மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு சிங்காநல்லூர்த் தியேட்டரில் பால்கனி வாசலில் டிக்கெட் கிழிக்கிறார். கையில் ஒரு ஜோடிச் செருப்பு.

"சேருக்கடியில கெடந்துச்சுங் தம்பி. தூக்கற அவசரத்துல உட்டுப்போட்டோம்."

காளிச்சாமி செருப்பை வாங்கவில்லை. "ரோட்டுல மயங்கி உழுந்தாருன்னு போன்ல சொன்னீங்க."

"தியேட்டர்னு சொன்னா ஊட்டுல ஒரு மாதிரி நெனப்பீங்கன்னு..."

"கூட ஆரு இருந்தா?"

"அந்த அம்மிணிதானுங். அவிய மட்டும் ஓடியாந்து சொல்லலீன்னா லைட்டுப் போடற வரைக்கும் ஆருக்கும் தெரிஞ்சிருக்காது" என்று சொல்லிக்கொண்டே ராமுலு, தன் முன்னால் நீண்ட தட்டிலிருந்து டீயை எடுக்கப் போனார். நிமிர்ந்தார்.

தட்டைப் பிடித்திருந்தவள் துளசிமணி.

ராமுலுவின் விரல் டம்ளரைத் தொட்டபடி நின்றது. இத்தனை நாளும் சென்னியப்பனின் மகள் என்றே அவர் நினைத்திருந்தார்; மருமகள் என்பதும், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவள் என்பதும் இப்போதுதான் புரிந்தது.

"எந்த அம்மிணி?" என்றான் காளிச்சாமி.

"இருட்டுங் தம்பி."

"நீங்கதான டிக்கட்டுக் கிழிக்கறீங்க? வாசல்ல லைட்டு எரியுமல்ல?"

"டிக்கட்டுக் கிழிக்கறவன் மூஞ்சியப் பாக்கறதில்லீங். கையத்தான் பாப்பான்."

சொல்லிவிட்டு டீயை எடுத்தார். ஊதாமலே குடித்தார்; வாய் வெந்திருக்கும். காளிச்சாமி அவர் கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தான். "இங்கயே இருங்க. எடுக்கற வரைக்கும் எங்கயும் போயராதீங்க." மரியாதையாகத்தான் சொன்னான். இரண்டு பங்காளிகளை அவருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தான்.

பதினொன்றரைக்கு மாசாணியம்மாளின் அண்ணன் கோடி கொண்டுவந்தார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டு பொண்டாட்டி மூன்று சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் எடுக்க முடியும். பன்னிரண்டுக்குள் எடுத்தாக வேண்டும், அதற்கு மேல் நேரம் சரியில்லை என்று பெரியவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். தப்பட்டை அடிப்பவர்கள் தோலைக் காய்ச்சித் தயாராக நின்றார்கள்.

அண்ணன் கதவைத் தட்டினார். "மாசாணி, கோடி வந்திருக்குதாயா. வா."

"எனக்கு வேண்டாம்."

"என்ன பேச்சு பேசற?"

"எவளுக்கு டிக்கட்டு எடுத்தாங்களோ அவளத் தேடிப் புடிச்சுக் கூட்டியாங்க. அந்தக் கோடிய அவ வாங்கட்டும்."

அண்ணன் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சின்னாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "சட்டைய உதறுன என்ற கையில கொள்ளி வெக்க. அப்படியே சலவைக்குப் போட்டிருந்தா இந்நேரம் கரைஞ்சு போயிருக்குமே."

சென்னியப்பன் நெற்றியில் காசோடு, தாடைக்கட்டோடு, கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர் போலப் படுத்திருந்தார். துளசிமணி அவரைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் இவர் இப்படியே, எவளோ ஒருத்தியின் ஆளாக, இந்த வாசலைத் தாண்டுவார். கருமாதி வரைக்கும் ஊர் சிரிக்கும், அப்புறமும் சிரிக்கும். பேசினால் காளிச்சாமி. அப்புறம் மேட்டுப்பாளையம். அங்கே இரண்டு தங்கச்சிகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள்.

போன்னு சொல்றனல்ல, என்றார் நேற்று. எங்கே போவது?

"அத்தைக்கு ஒரு வாய் காப்பி குடுத்துப் பாக்கறன்" என்றாள். வழி விட்டார்கள். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடாத மாமியாருக்குக் காப்பி கொண்டுபோகும் மருமகளுக்கு எந்தக் கூட்டமும் வழி விடும். "அத்தை, நானுங்" என்றதும் தாழ்ப்பாள் திறந்தது. உள்ளே போனதும் மறுபடியும் போட்டுக்கொண்டது.

மாசாணியம்மாள் கட்டில் விளிம்பில் பீரோவைப் பார்த்து உட்கார்ந்தாள். ஃபேன் ஓடவில்லை. துளசிமணி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"படம் அத்தன ஒண்ணும் நல்லா இல்லீங் அத்தை" என்றாள்.

மாமியார் திரும்பவில்லை. "எந்தப் படம்?"

"நேத்து மாமா பாத்ததுங்."

வெளியே யாரோ ஒப்பாரியை எடுத்து, பாதியில் விட்டார்கள். மாசாணியம்மாள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். முதலில் மருமகள் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் டம்ளரைப் பிடித்திருந்த கையை.

"கிளாஸு?"

"ரம்லாக்காகிட்டச் சொல்லிட்டுப் போவனுங்."

"எத்தன படம்?"

"பதினொண்ணுங்."

"மூணாவது டிக்கட்டு ஆருக்கு?"

"ஆருக்குமில்லீங். மாமாவுக்கு ஒட்டுனாப்பல நான் எப்படீங் உக்காரது? ஒரு சேரு உட்டுத்தான் உக்காருவமுங். நடுவுல சும்மா துண்டு கெடக்குமுங்."

"துண்டு" என்றாள் மாசாணியம்மாள்.

துளசிமணி காலில் விழப் போனாள். "அத்தை, அவிய மேல எந்தத் தப்பும் இல்லீங். படத்தப் பத்திப் பேசறதுக்கு மட்டுந்தானுங். வேற ஒண்ணுமே..."

"தெரியும். அவிய அப்படி ஆளில்ல." குரல் கல் மாதிரி இருந்தது. "எவளோன்னு நெனச்சனல்ல, அப்பக்கூட இப்படி நோகல. எவளாச்சும்னா, அவ சிறுக்கின்னு ஏசிப்போட்டுக் கடைசீல எந்திரிச்சு வந்து கோடிய வாங்கியிருப்பன்." மூச்சு வாங்கினாள். "பதினொரு தடவையும் அந்தச் சேரு காலியாவா இருந்துச்சு?"

மாசாணியம்மாள் மறுபடியும் பீரோ பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கண்ணாலமான புதுசுல ஒருக்கா கூட்டிட்டுப் போனாங்க. கோயமுத்தூருக்கு. மில்லுக்காரங்க நாலஞ்சு பேரு, பொண்டாட்டிகளோட. படம் உட்டு வரும்போது, படத்துல வந்த புள்ள புருசங்கிட்டத் திரும்பிப் போயிருக்கக் கூடாதுன்னு சொன்னன். எல்லார்த்துக்கும் மின்னாடி. உனக்கென்னடி தெரியும்னாங்க. சிரிச்சுட்டுத்தான் சொன்னாங்க. அவங்க கூட்டாளிகளும் சிரிச்சாங்க." அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். "அதுக்கப்பறம் நான் எந்தப் படத்துக்கும் வாயத் தொறக்கல. ஏன் பேசலீன்னு அவியளும் கேக்கல. உன்னய மட்டும் மேல சொல்லுன்னாங்க. அன்னிக்கு நானும்தான் அங்க உக்காந்திருந்தன்."

கதவு இடிபட்டது.

"அம்மா! மணி பன்னெண்டாகப் போகுது." காளிச்சாமியின் குரல். "நீங்க வெசனப்படாதீங்க. அந்தத் தியேட்டர்காரனுக்கு எல்லாந் தெரியும், மறைக்கறான். நாலு சாத்துச் சாத்துனா அவ ஆருன்னு வாயில வந்துரும். அது தெரியாம நானும் எடுக்க உட மாட்டன்."

அவன் காலடி பந்தலுக்கு ஓடியது; அங்கே நாற்காலி சாயும் சத்தம். ராமுலுவின் குரல்: "கையெடுங் தம்பி, கையெடுங்."

துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். ராமுலு எத்தனை அடி தாங்குவார்? அந்த மனுசனுக்கு என்ன தலையெழுத்து, தனக்காக வாங்குவதற்கு?

மாசாணியம்மாள் எழுந்தாள். மருமகள் கையிலிருந்த காப்பியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். கூந்தலை உதறி முடிந்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"அந்த மனுசன உடு" என்றாள்.

"அம்மா, அவன்..."

"உடுன்னு சொன்னன். அவரு ஆரச் சொல்லுவாரு? நாந்தாண்டா போனேன்."

தப்பட்டைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணு டிக்கட்டு, எண்ணிப் பாத்தயல்ல? அவிய, நானு, உன்ற பொண்டாட்டி. கிளாஸுல இருந்து நாந்தான் அவளக் கூப்புட்டுக்கிட்டன். அவியளுக்கு முடியாமப் போனப்ப எங்களப் போகச் சொன்னாங்க. பொம்பளைங்க சினிமாக் கொட்டாய்ல நின்னம்னு தெரிஞ்சா நீ ஆடுவயல்ல, அதுக்குப் பயந்து. உசுரு போற நேரத்துல கட்டுன பொண்டாட்டியத் தாட்டி உடறாரு மனுசன். ஆருக்குப் பயந்து? உனக்கு."

காளிச்சாமி ராமுலுவின் சட்டையை விட்டான். "இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றான்.

"உங்களுக்கெல்லாம் எவளோ ஒருத்திதான் வேணுமாட்ட இருந்துச்சு. பேசுங்கன்னு உட்டுட்டன்."

காதைக் கடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். காளிச்சாமி மனைவியைத் தேடினான். அவள் அறை வாசலில் காலி டம்ளரோடு நின்றிருந்தாள். அவன் கேட்காமல் கேட்டான். துளசிமணி ஆமென்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது. இனி எந்தக் காலத்திலும் அதை மாற்றி ஆட்ட முடியாது.

மாசாணியம்மாள் அண்ணன் முன்னால் போய்க் குனிந்தாள். அவர் கோடியைத் தோளில் போட்டார். வெளியே தப்பட்டை எழுந்தது. இரண்டாவது சுற்றில் அவள் புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து அழுத அழுகை இல்லை அது. பிடித்த கையை விடுவிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

ஆண்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். தப்பட்டைச் சத்தம் கோயில் முக்குத் திரும்பி, தேய்ந்து, நின்றது. சின்னாத்தாள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கூடத்தைக் கழுவத் தொடங்கினாள். விளக்குமாற்றின் சத்தம் ஒரே சீராக வந்தது.

"துளசி" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. போனாள்.

மாசாணியம்மாள் கோடிச் சேலையில், ஈரத் தலையோடு, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பார்க்கப் பழகாத முகம்.

"கதவச் சாத்து."

சாத்தினாள்.

"கிளாஸு இனி வேண்டாம். போதும்."

"செரிங் அத்தை."

"தனியா எங்கயும் போவ வேண்டாம். போனா நானும் வருவன்."

"செரிங்."

"உக்காரு."

மாமியார் முன்னால் கட்டிலில் அவள் உட்கார்ந்ததில்லை. கீழே உட்காரப் போனாள். மாசாணியம்மாள் மெத்தையைத் தட்டினாள். துளசிமணி கட்டிலின் அந்தக் கோடியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள்.

"பொழுதோட ஆளுக வருவாங்க. சின்னாத்தா கேப்பா, அவ சும்மா உட மாட்டா. என்ன படம், ஆரு நடிச்சா, என்ன கதைன்னு. நான் பாத்தவளாட்டச் சொல்லோணும். மொதல்ல இருந்து சொல்லு."

துளசிமணி சொல்ல ஆரம்பித்தாள். ஒரு லாரி டிரைவர். அவனுக்கு ஒரு அக்கா. அக்காவுக்குப் பேச்சு வராது. கல்யாண வீட்டில் சண்டை, அப்புறம் மழையில் ஒரு பாட்டு. மாசாணியம்மாள் மனப்பாடம் செய்கிறவள்போல உதட்டை அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவிய எங்கெங்க சிரிச்சாங்க?"

"நேத்துங்களா?"

"ஆமா. பக்கத்துல இருந்தவளுக்கு அது தெரியோணுமல்ல?"

துளசிமணி யோசித்தாள். "நேத்து ஒருக்காகூடச் சிரிக்கலீங் அத்தை."

"ஒருக்காகூடவா?"

"இல்லீங்."

மாசாணியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்ப அதென்ன படம்?" என்றாள். "நல்லாவே இருந்திருக்காது."

கூடத்தைக் கழுவிய தண்ணீர் கதவுக்கடியில் நுழைந்து, சாம்பலும் பூ இதழுமாகத் தரையெங்கும் பரவிக் கட்டிலுக்கு வந்தது. இரண்டு பேரும் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள்.